கரைதல் என்றால் என்ன?

(கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர விஞ்ஞான மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பிள்ளைகளே, பெற்றோர்களே,

இரசாயனவியல் புத்தகத்தில் கரைப்பான் (கரைக்கும் பொருள்), கரையம் (கரையும் பொருள்), கரைசல் (இரண்டும் சேர்ந்த கலவை) என்று படிக்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: கரை. கரையத்தைத் தமிழகத்தில் கரைபொருள் என்பார்கள், வேர் மாறவில்லை.

கரைப்பானுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சொல்வன்ட்' இலத்தீனில் 'சொல்வெரே' என்ற வினையிலிருந்து வந்தது. அவிழ்த்தல் என்று பொருள். கடனை அடைக்க வசதியுள்ளவருக்கும் இதே சொல்தான். நம்மிடமோ சொத்தைக் கரைத்தவன் என்றால் இருந்ததை அழித்தவன்! அவர்கள் கட்டு அவிழ்வதைப் பார்த்தார்கள். நாம் பொருள் தேய்ந்து மறைவதைப் பார்த்தோம்.

உப்பில் சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் (அயன் என்றால் மின்னேற்றம் கொண்ட துகள்) ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்து பிரிக்கின்றன. ஆக, அவிழ்தல் பொருத்தமான சொல்தான். ஆனால் உப்பு எங்கும் போய்விடவில்லை. ஆனையிறவு உப்பளத்தில் வெயில் நீரைக் குடித்ததும் உப்பு அப்படியே படிகிறது. பாடத்தைக் 'கரைத்துக் குடித்தவன்' என்கிறோமே, அதில் இந்த உண்மை இருக்கிறது: கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முழுவதும் உள்ளே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது.

காகம் கரைகிறது என்கிறோம், சரி. மொழியறிஞர்கள் அதைத் தனி வேராக வைத்திருக்கிறார்கள். இரண்டையும் முடிச்சுப்போட வேண்டாம்.

அப்புறம், தேநீரில் சீனி 'உருகியது' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். கன்னடத்தில் உருகுவதற்கும் கரைவதற்கும் 'கரகு' என்ற ஒரே வினை வரும். நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. அந்த வசதியை வீணாக்கலாமா? உப்பு உருக 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரையவோ சாதாரணத் தண்ணீர் போதும். அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் கரையும். உருகுவதற்குச் சூடு போதும். கரைவதற்கு இன்னொரு பொருளின் துணை வேண்டும்.

அந்தத் துணைப்பொருள் எதுவாகவும் இருக்கலாமா? 16ஆம் நூற்றாண்டில் பராசெல்சஸ் என்ற மருத்துவர் 'அல்ககெஸ்ட்' என்ற பெயரை உருவாக்கினார். கேட்க அரபுபோல் இருக்கும். அரபில் அப்படி ஒரு சொல் இல்லை. அடுத்த நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் என்ற இரசாயனவியலாளர் அதை எல்லாவற்றையும் கரைக்கும் திரவம் என்று விரித்தெழுதினார். அப்படியானால் அதை எந்தப் பாத்திரத்தில் ஊற்றி வைப்பது என்று பிறகு வந்தவர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. தண்ணீரும் எல்லாவற்றையும் கரைப்பதில்லை. கையில் பட்ட எண்ணெய்ப் பெயின்ட்டுக்கு டர்பன்டைன்தான் வேண்டும். அதனால் கரைப்பான் என்று எழுதும்போதெல்லாம், எதற்குக் கரைப்பான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.