முதலில் மூன்றாம் எண்ணை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அருமை நண்பர்களே, தூறலையும் குளிரையும் பொருட்படுத்தாமல் ஏற்காட்டில் இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, சேலத்திலிருந்து மலையேறி வந்திருக்கும் விளையாட்டுத் தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தேசிய ரக்பி அணியின் முன்களத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பிடிமானமா, ஓட்டமா என்பது தலைப்பு. பிடிமானமே என்று பேச வந்திருக்கிறேன்.

இன்று மாலை நான் வந்த பஸ் மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியதும் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. முன்னால் சிமென்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஏற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அது ஒரு முழம் பின்னால் சரிந்தது. பஸ்ஸுக்குள் எல்லாருக்கும் மூச்சு நின்றுபோனது. அதற்குள் கிளீனர் பையன் கையில் கட்டையோடு கீழே குதித்துவிட்டான். பதினெட்டு வயதுகூட இருக்காது. பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகினான். அவன் கையை எடுத்த மறுகணம் டயர் கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தது. மரம் நசுங்கும் ஓசை எங்களுக்குக் கேட்டது. அதன் பிறகுதான் டிரைவரால் கியரைப் போட்டு வண்டியை மேலே எடுக்க முடிந்தது. "நல்ல டிரைவர்" என்றார் என் பக்கத்து இருக்கைக்காரர். நல்ல டிரைவர்தான், மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, நான் பேச வந்திருப்பது அந்தக் கட்டை போட்ட பையனுக்காக.

ரக்பி யூனியன் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 15 பேர். அவர்களில் ஃபார்வர்டு எனப்படும் முன்களத்தார் எட்டுப் பேர். சிறு தவறுக்காக ஆட்டம் நின்றால், இந்த எட்டுப் பேரும் எதிரணியின் எட்டுப் பேரும் குனிந்து, தோளோடு தோள் கோத்து முட்டிக்கொள்வார்கள். நடுவில் பந்து உருட்டி விடப்படும். அதுதான் ஸ்க்ரம். உலகத் தரத்தில் ஒரு பக்கத்தின் எடை மட்டுமே 900 கிலோவைத் தொடும். முதல் வரிசையில் மூன்று பேர். இரண்டு ஓரத்திலும் ப்ராப், நடுவில் ஹூக்கர். இடப்பக்கத்து ப்ராப், அதாவது 1ஆம் எண்காரருக்கு ஒரு பக்கம் காற்றோட்டம் உண்டு. அவர் தலைக்கு வெளிப்புறம் யாரும் இல்லை. வலப்பக்கத்து 3ஆம் எண்காரரின் தலையோ எதிராளிகள் இருவரின் தலைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். இரண்டு பேரின் அழுத்தத்தை ஒற்றைக் கழுத்து வாங்க வேண்டும். அவர் அசையாமல் நின்றால் ஸ்க்ரம் நிற்கும். அவர் கால் வழுக்கினால் எட்டுப் பேரும் சரிவார்கள்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். ஆட்டம் 80 நிமிடம், அதில் ஸ்க்ரம் பிடிப்பது சில நிமிடம், மீதி நேரமெல்லாம் ஓட்டம். ஆகவே ஓடத் தெரிந்தவருக்கே இடம் என்றார். ஐயா, நாற்று நடுவது ஓரிரு நாள் வேலைதான். மீதி நாளெல்லாம் களையெடுப்பும் நீர் பாய்ச்சலும்தான். அதற்காக நாற்று எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நம் தலைவாசல் பக்கத்து விவசாயி யாராவது சொல்வாரா?

2019ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, ஜப்பானின் யோகோஹாமா. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இங்கிலாந்து, மறுபக்கம் தென்னாப்பிரிக்கா. ஒரு வாரத்துக்கு முன்புதான் நியூசிலாந்தை 19-7 என்று வீட்டுக்கு அனுப்பிய இங்கிலாந்து அது. கோப்பை அவர்களுக்கே என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் அவர்களின் 3ஆம் எண்காரர் கைல் சிங்க்லர் தலையில் அடிபட்டுக் களத்தைவிட்டுப் போனார். அவருக்குப் பதிலாக வந்த டான் கோல் அனுபவசாலி, நல்ல வீரர். ஆனால் கடைசி இருபது நிமிடத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த மனிதர் ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பின்னால் அந்த இடத்துக்கு இன்னொருவர் இல்லை. எதிரே நின்றவர் ‘பீஸ்ட்’ என்று உலகம் அழைத்த டெண்டாய் எம்டவாரிரா. ஸ்க்ரம்முக்கு ஸ்க்ரம் இங்கிலாந்து பின்னால் போனது. சரிந்தால் தென்னாப்பிரிக்காவுக்குப் பெனால்டி, உதைத்துக் கம்பத்தைத் தாண்டினால் 3 புள்ளிகள். அவர்களின் ஹான்ட்ரே பொல்லார்ட் அன்று ஆறு பெனால்டிகளைப் புள்ளிகளாக்கினார். முடிவு 32-12.

தென்னாப்பிரிக்கா இரண்டு ட்ரை போட்டதே, அதாவது பந்தை எதிராளியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைத்ததே, ஓடித்தானே போட்டார்கள் என்று எதிரணியினர் கேட்கலாம். ஆம், ஓடித்தான் போட்டார்கள். மபிம்பியும் கோல்பேயும் ஓடிய ஓட்டத்தை நானும் கைதட்டிப் பார்த்தேன். அந்த இரண்டும் எப்போது வந்தன? கடைசி கால் மணி நேரத்தில். இங்கிலாந்தின் கால்கள் ஸ்க்ரம்மில் வெந்து தணிந்த பிறகு.

அன்று தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் மாற்று வீரர்கள் எட்டுப் பேரில் ஆறு பேரை முன்களத்தாராக வைத்திருந்தார். முதல் வரிசை களைத்தால் அப்படியே இன்னொரு முதல் வரிசை இறங்கும். ‘கனமான ஆளுக்கு மூச்சு வாங்கும்’ என்றார்களே, அதற்கு விடை இதுதான். மூச்சு வாங்குபவரை விலக்கிவிட்டு ஓடுபவரை அங்கே நிறுத்தக் கூடாது. அதே தொழிலைக் கற்ற இன்னொருவரைக் கொண்டுவர வேண்டும்.

தொழில் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பிடிமானம் என்றவுடன் எதிரணியினர் எடை என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் அணியிலும் எனக்கு முன் பேசிய நண்பர் கிலோக்கணக்கிலேயே பேசிவிட்டார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என் அப்பா லீ பஜாரில் மூட்டை தூக்கியவர். ஒல்லியான மனிதர். அவரைவிட இரண்டு மடங்கு உடம்பு உள்ளவர்கள் வேலைக்குச் சேர்ந்து ஒரே வாரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். லாரித் தட்டிலிருந்து மூட்டை இறங்கும் நேரத்தில் அப்பா முதுகை வளைக்க மாட்டார். இடுப்பை இறக்குவார், முழங்காலை மடக்குவார், பாதத்தை அகலமாக ஊன்றுவார், தலையை நிமிர்த்தியே வைத்திருப்பார். மூட்டை தோளில் விழும் ஓசை கேட்கும், ஆள் அசையமாட்டார். "முதுகு பலகையாட்டம் இருக்கணும், பாரம் காலுக்குப் போகணும்" என்பார். பின்னாளில் கல்லூரியில் ரக்பி சேர்ந்தபோது ஸ்க்ரம் பற்றி முதல் நாள் சொல்லிக் கொடுத்ததும் இதே பாடம்தான்.

அந்தப் பாடம் முழுதாக எனக்குக் கிடைக்கவில்லை, நடுவர் அவர்களே. நான் ஃப்ளாங்கர், 7ஆம் எண். ஓரத்தில் நின்று ஓடுபவன். எதிரணி விரும்புகிற ஆள். ஒரு போட்டியில் எங்கள் 3ஆம் எண்காரருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மாற்று வீரர்களில் ப்ராப் ஒருவர்கூட இல்லை. வேகமானவர்களாகப் பார்த்துப் பொறுக்கி அழைத்து வந்திருந்தார்கள். "உனக்குத்தான் உடம்பு இருக்கிறது, போ" என்று என்னை உள்ளே தள்ளினார்கள். நானும் போனேன். இருபது வயது, மறுக்கத் தோன்றவில்லை. குனிந்தோம். எதிராளியின் காது என் காதில் உரசியது. அவர் மூச்சு சூடாக என் கன்னத்தில் பட்டது. நசுங்கிய புல்லின் வாடை இன்றும் நினைவிருக்கிறது. முதல் ஸ்க்ரம் எப்படியோ நின்றது. இரண்டாவதில் என் முதுகு வளைந்தது. பாரம் காலுக்குப் போகவில்லை, கழுத்துக்குப் போனது. ஐந்து மாதம் பட்டை கட்டிக்கொண்டு திரிந்தேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. "சொல்லிக் கொடுக்காம எப்படிப்பா இறக்கிவிட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.

முதல் வரிசையில் பயிற்சி பெற்றவர் மட்டுமே நிற்கலாம் என்பது ரக்பியின் சட்டம். ஆள் இல்லையென்றால் ஆட்ட நடுவரிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தள்ளுமுள்ளு இல்லாத ஸ்க்ரம்தான் நடக்கும். 23 பேர் கொண்ட அணியில் ஆறு பேராவது முதல் வரிசைத் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். சட்டம் போட்டவர்களுக்கு ஓட்டத்தின் அருமை தெரியாமல் இல்லை. கழுத்தெலும்பின் அருமையும் தெரிந்திருக்கிறது.

அடுத்து ஜப்பான். எதிரணிச் சகோதரி மிக அழகாகப் பேசினார். 2015ஆம் ஆண்டு பிரைட்டன் நகரில், உருவத்தில் சிறிய ஜப்பான் 34-32 என்று தென்னாப்பிரிக்காவை வீழ்த்தியதே, வேகம் வென்றதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா என்றார். சகோதரி, அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களுக்கு மட்டும் என்னோடு வாருங்கள். ஜப்பான் 29, தென்னாப்பிரிக்கா 32. ஜப்பானுக்குப் பெனால்டி கிடைக்கிறது. உதைத்தால் சமன். அதற்கு முன்பு உலகக் கோப்பை வரலாற்றிலேயே ஒரே ஓர் ஆட்டத்தில் வென்றிருந்த அணிக்குச் சமன் என்பதே திருவிழா. தலைவர் மைக்கேல் லீச் என்ன கேட்டார்? ஸ்க்ரம் கேட்டார்! உலகின் மிகப் பலமான முன்களங்களில் ஒன்றுக்கு எதிராக, ஆட்டமே முடியப்போகும் நேரத்தில் ஸ்க்ரம்! தன் முதல் வரிசையின் மேல் நம்பிக்கை இல்லாத தலைவர் அதைக் கேட்பாரா? ஸ்க்ரம் நின்றது, பந்து வந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைமாறியது, ஹெஸ்கெத் ஓரத்தில் பாய்ந்து ட்ரை போட்டார். ஜப்பான் ஸ்க்ரம்முக்கென்றே தனிப் பயிற்சியாளரை வைத்து, எதிராளியைவிடத் தாழ்வாகக் குனியப் பழகிய அணி. சிறிய உடம்புக்காரருக்கும் பிடிமானம் வாய்க்கும் என்பதற்கு ஜப்பான்தான் சான்று. நம் நாட்டு உடல்வாகுக்கு ரக்பி முன்களம் ஒத்துவராது என்று பேசுகிறவர்களுக்கும் அதுவே பதில்.

ஒரு சான்றை மட்டும் எதிரணியினர் சரியாகவே எடுத்து வைத்தார்கள். நான் மறைக்கப்போவதில்லை. 2023 உலகக் கோப்பையின் நடுவே தென்னாப்பிரிக்காவின் ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயமடைந்தார். அவர் இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைக்காமல், உதைப்பதில் வல்லவரான பொல்லார்டை அழைத்தார்கள். பாரிஸ் இறுதி ஆட்டத்தில் 12-11 என்று நியூசிலாந்தை வென்றபோது அந்தப் பன்னிரண்டும் பொல்லார்டின் காலிலிருந்து வந்தவை. எதிரணிக்கு இது பலம்தான்.

ஆனால் அதே இறுதி ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஹூக்கர் எம்போனாம்பி காயமடைந்து வெளியேறினார். இறங்கியவர் 37 வயது டியான் ஃபூரி. ஓரக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை மறுபடி உள்ளே எறிவதுதான் லைன்அவுட். அதில் பந்தைத் தலைக்கு மேல் குறிதவறாமல் எறிய வேண்டியவர் ஹூக்கர். அன்று தென்னாப்பிரிக்காவின் லைன்அவுட் தடுமாறியது. நியூசிலாந்து ஒருவரை இழந்து 14 பேரோடு ஆடியும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்தத் தடுமாற்றத்திலும் அணி கவிழாமல் நின்றதற்குக் காரணம், ஃபூரி இளமையில் ஹூக்கராக ஆடித் தொழில் கற்றவர். என்னைப் போல அன்று புதிதாக உள்ளே தள்ளப்பட்டவர் அல்லர். அதற்கு ஒரு வாரம் முன்பு, இங்கிலாந்தோடு அரையிறுதியில் 16-15 என்று தப்பினார்களே, அந்தக் கடைசி உதைக்கான பெனால்டி எங்கிருந்து வந்தது? ஆக்ஸ் எண்ச்சே தோள் கொடுத்த ஸ்க்ரம்மிலிருந்து. ஏறத்தாழ 50 மீட்டர் தூரத்திலிருந்து உதைத்தவர் உங்கள் பொல்லார்ட்தான், ஒப்புக்கொள்கிறேன். உதைக்க வாய்ப்பு வாங்கிக் கொடுத்தவர் எங்கள் ப்ராப்.

கபடி வீரர்களைக் கொண்டுவாருங்கள் என்றீர்கள். தாராளமாக. நானும் ஆத்தூர்ப் பக்கம் ஊர்த் திடல்களில் கபடி ஆடி வளர்ந்தவன். பாய்ந்து மடக்கும் அந்தத் துடிப்பு 6, 7ஆம் எண்களுக்குத் தங்கம். 2023 இறுதி ஆட்டத்தில் ஃப்ளாங்கர் பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் 28 முறை எதிராளியைப் பிடித்து வீழ்த்தினார். அந்த இடத்துக்கு ஓட்டமும் வேண்டும், வெறியும் வேண்டும். ஆனால் அதே பையனைப் பிடித்து, வேகமாக இருக்கிறான் என்பதற்காக 3ஆம் எண் சட்டையை மாட்டிவிடாதீர்கள். இரண்டு ஆண்டு குனியக் கற்றுக்கொடுங்கள். கழுத்தையும் முதுகையும் கட்டி வளர்த்துவிடுங்கள். அதன் பிறகு அவனே அந்தச் சட்டையைக் கேட்டு வாங்குவான்.

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். தேர்வாளர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வெள்ளைத்தாளில் அணியை எழுத உட்காரும்போது, ஆட்டத்தை இயக்கும் 10ஆம் எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். 3 என்று எழுதி அதற்கு நேரே முதல் பெயரை எழுதுங்கள். அடுத்து அவருக்கு மாற்றாக இறங்கும் 18ஆம் எண்ணுக்கு நேரே இரண்டாம் பெயர். பிறகு ஹூக்கர், பிறகு 1ஆம் எண், லைன்அவுட்டில் எழும்பும் இரண்டு லாக். அந்த வரிசை நிறைந்த பிறகு ஓடுகிறவர்களை எழுதுங்கள்; அவர்களுக்குப் பந்து வந்து சேரும்.

நன்றி, வணக்கம்.