வலிக்காத கட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

மார்பில் கட்டி என்று என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இதுதான்: "வலியே இல்ல டாக்டர், அதனாலதான் விட்டுட்டேன்." ஓர் அம்மாவுக்குக் குளிக்கும்போது, சோப்பு போட்ட கையில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. அக்குளை ஒட்டிய மேல்பக்கம், சின்னக் கூழாங்கல் மாதிரி. நான்கு மாதம் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. வலி வந்தால் போகலாம் என்று இருந்தாராம்.

மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிலக்குக்கு முன் இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறதே, அது ஹார்மோன் செய்கிற வேலை. அதற்குப் பயந்து ஓடி வருகிறோம், வலிக்காத கட்டியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம். சரி, கட்டி என்றாலே புற்றா? இல்லை. பெரும்பாலானவை நார்க்கட்டி, நீர்க்கட்டி என்று ஆபத்தில்லாதவைதான். ஆனால் எது எந்த வகை என்று விரலால் தொட்டு உறுதியாகச் சொல்ல எனக்கே முடியாது. மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன், சந்தேகம் இருந்தால் ஊசி வழியாகத் துளிச் சதை எடுத்துப் பரிசோதனை. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று தடுக்க வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அந்தப் பயத்தில் வீணாகும் மாதங்கள்தான் ஆபத்து.

கட்டி மட்டுமே அறிகுறி இல்லை. கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கும்போது தோல் ஓரிடத்தில் குழிந்தால் கவனியுங்கள். ஆரஞ்சுத் தோல் போல் புள்ளி புள்ளியாகத் தடித்தாலும், காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலும், ரத்தம் கசிந்தாலும், அக்குளில் நெறி கட்டினாலும் காட்டிவிட வேண்டும். மார்பு சிவந்து வீங்கி, மருந்து சாப்பிட்டும் ஒரு வாரத்தில் குறையவில்லையா? சீழ்க்கட்டி என்று நினைத்து இன்னொரு மாத்திரைப் பட்டைக்குப் போகாதீர்கள். அப்படித் தோற்றம் காட்டும் புற்றும் உண்டு, வேகமாக வளரும்.

"எங்க வீட்டுல யாருக்கும் இல்லையே" என்பது அடுத்தது. 2022இல் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் கோளாறு காரணமாக இருப்பது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதும்தான் பெரிய காரணங்கள். ஆண்களுக்கும் அபூர்வமாக வரும். குடும்ப வரலாறு கேட்டால் எல்லோரும் அம்மா, பாட்டி, சித்தி என்று எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த நோயின் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவின் கோளாறு அப்பாவிடமிருந்தும் வரும், அதனால் அத்தைகளையும் கணக்கில் சேருங்கள்.

தடுப்பது? முழுமையாகத் தடுக்க வழியில்லை, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆபத்தைக் குறைக்கலாம். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் முக்கியமாக உடல் கொழுப்பில்தான் உருவாகிறது, அதனால் அந்த வயதில் எடை கூடுவது கணக்கில் வரும். மது கொஞ்சமாகக் குடித்தாலும் ஆபத்து ஏறும். தாய்ப்பால் கொடுத்த மாதங்கள் கூடக் கூட ஆபத்து கொஞ்சம் இறங்கும். பிராவாலும் வாசனைத் திரவியத்தாலும் வருகிறது என்பது வெறும் பேச்சு.

அறிகுறியே இல்லாதவர்களுக்கு, 50 முதல் 69 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சில நாடுகளில் 40லேயே தொடங்குகிறார்கள்.

அந்த அம்மாவின் கட்டி புற்றுதான். ஆனால் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு, அக்குளுக்குப் போகவில்லை. சிகிச்சை முடிந்து போன முறை வந்தபோது தங்கையையும் கூட்டி வந்தார். அப்பா பக்கம் யாருக்காவது உண்டா என்று மறுபடி கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அத்தை பேச்சு வந்தது. 38 வயதில் மார்பில் ஏதோ புண் என்று சொல்லி இறந்தவராம். மரபணுப் பரிசோதனையை முதலில் அக்காவுக்கு எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கோளாறு இருந்தால், அதையே தங்கைக்கும் தேடிப் பார்க்கலாம்.