தரைக்கு எத்தனை பெட்டி?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க. ஆவணியில் குடிபோக நாள் குறித்துவிட்டு ஆடியில் டைல்ஸ் கடையில் நிற்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. கடையில் முதல் கேள்வி, "எத்தனை சதுர அடிங்க?" என்பதுதான். நாம் வீட்டு பிளானைப் பார்த்து ஆயிரம் என்போம். கால்குலேட்டரில் நாலு தட்டு, இத்தனை பெட்டி என்று பதில் வந்துவிடும். என் வழக்கெல்லாம் அந்தக் கால்குலேட்டரோடுதான்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ரெண்டுக்கு ரெண்டு என்று நாம் வாங்கும் கல் 60 சென்டிமீட்டர்தான். ரெண்டு அடி என்பது ஏறக்குறைய 61. அதனால் ஒரு கல் 4 சதுர அடி வராது, 3.875தான். நாலு கல் உள்ள பெட்டி 16 அல்ல, பதினஞ்சரை. ஆயிரம் சதுர அடிக்கு 63 பெட்டி போதும் என்று நினைத்திருப்போம், 65 வேண்டும். பெட்டி மேலே 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள். அதை 10.76ஆல் பெருக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சரி, இது சின்னக் கணக்கு. இதைவிடப் பெரிதாகக் காலை வாருவது வேறொன்று. பெருந்துறைப் பக்கம் என் மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அறை, பத்தடிக்குப் பதினொன்று. 110 சதுர அடி. வகுத்தால் 29 கல். மாமா விவரமானவர், நூற்றுக்குப் பத்து சேதாரம் சேர்த்து 32, எட்டுப் பெட்டி வாங்கிப் போட்டுவிட்டார்.

கொத்தனார் வந்து கலவை போடாமல் சும்மா ஒரு வரிசை பரப்பிப் பார்த்தார். அஞ்சு கல் முழுசாகப் போய், சுவரோரம் ஒன்றரை அங்குலம் மிச்சம். அத்தை எட்டிப் பார்த்து, "அந்தச் சந்துல துண்டுக் கல்லா? காலத்துக்கும் கண்ணை உறுத்துமே கண்ணு" என்றார். அதுவும் நியாயம்தான். கொத்தனார் வரிசையை நகர்த்தினார். நடுவில் நாலு முழுக்கல், இரண்டு சுவரோரமும் அரைக்கல்லுக்குக் கொஞ்சம் அதிகமான துண்டு. இங்கேதான் கவனியுங்கள்: பாதிக்கு மேல் வெட்டினால் ஒரு கல்லில் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஆக வரிசைக்கு ஆறு. மறுபக்கம் பதினொரு அடியிலும் அஞ்சு வரிசை போக அரைக்கு மேல் மிச்சம், அதுவும் ஆறு. ஆறாறு முப்பத்தாறு. பத்து சதவீதம் சேர்த்தும் நாலு கல் குறைந்துவிட்டது.

கடைக்கு ஓடினார். அதே டிசைன் இருந்தது, பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் சுட்ட கல்லுக்குப் போடும் எண், வேறு. கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் பழையது பால் வெள்ளை, புதியதில் லேசாக மஞ்சள். நமக்கு வரும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. மண்கலவையிலும் சூளைச் சூட்டிலும் கொஞ்சம் மாறினால் நிறமும் மாறும். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பண்ண? கடைசியில் அந்த நாலு கல்லையும் கட்டிலுக்கு அடியில் ஒட்டினார்கள்.

திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் பனியனின் பரப்பளவை வகுத்தா துணி கேட்கிறார்? அளவட்டையைத் துணி மேல் பரப்பிப் பார்த்துத்தான் சொல்கிறார். தரைக்கும் அதே முறைதான். ஒவ்வொரு அறைக்கும் நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை என்று வரிசை எண்ணுங்கள். மறுபடியும் சொல்கிறேன், வகுக்காதீர்கள், எண்ணுங்கள். எண்ணிவிட்டால் வெட்டுச் சேதம் அதிலேயே அடங்கிவிடும், உடைசலுக்கு மட்டும் கொஞ்சம் சேர்த்தால் போதும். வெட்டிய மிச்சமும் வீணில்லை, சுவரடியில் ஒட்டும் நாலு அங்குலப் பட்டைக்கு, ஸ்கர்ட்டிங் என்பார்களே, அதுவே ஆகும். கோணலாக, சாய்சதுரமாகப் பதிக்க ஆசைப்பட்டால் மட்டும் எண்ணுவது சிரமம். நூற்றுக்குப் பதினைந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவை பிளானிலிருந்து எடுக்கவே வேண்டாம். பூச்சு முடிந்தபிறகு டேப் பிடியுங்கள். நடுவில் முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் அறையின் இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். அந்தக் காலத்துச் சுவர் மூலைமட்டத்துக்குக் கட்டுப்படாது. மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், அளவு ஒன்றாக வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். மணல் கணக்கை விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது. கலவை ரெண்டு அங்குலம் என்றால் ஆயிரம் சதுர அடிக்கு எம்-சாண்ட், அதாவது கல்லை அரைத்த மணல், ரெண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும்; யூனிட் என்பது நூறு கன அடி. ஒன்றுக்கு ஐந்து கலவைக்குச் சிமெண்ட் முப்பது மூட்டை, கல்லுக்கு அடியில் சிமெண்ட் பால் ஊற்றுவதற்குத் தனி. கதவு நிலைக்கு அடியில் டைல்ஸா கிரானைட்டா என்பதை முன்னமே முடிவு பண்ணுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்தானா என்று வண்டியை விட்டு இறக்கும்போதே பார்த்துவிடுங்கள். பதித்தபிறகு பார்த்துப் பிரயோசனமில்லை. வணக்கமுங்க.