ரைன்மெட்டாலின் ஆர்டர் புத்தகமும் ஒரு பருத்திக் கொட்டையும்

வணக்கம் நண்பர்களே. என் கையில் நீங்கள் பார்ப்பது ஒரு பருத்திக் கொட்டை. ஜின்னிங் ஆலையில் நீண்ட இழைகளைப் பிரித்தெடுத்த பிறகும் கொட்டையின் மேல் இப்படிக் குட்டையான பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், நகத்தால் சுரண்டினால் தூசியைப் போல உதிர்வதைப் பாருங்கள். இதற்கு லின்டர் என்று பெயர். இதை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கிறது. பீரங்கிக் குழாயிலிருந்து 155 மில்லிமீட்டர் குண்டை வெளியே தள்ளும் மருந்துக்கு அதுதான் அடிப்படைப் பொருள். ஜெர்மனியின் மிகப் பெரிய ஆயுத நிறுவனமான ரைன்மெட்டாலின் வணிக அபாயங்களைப் பற்றிப் பேசும் இந்தக் காணொளியை நான் இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

1889-இல் தொடங்கப்பட்ட ரைன்மெட்டால், இன்று டூசல்டார்ஃப் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு ஹோல்டிங் நிறுவனம். குண்டு ஒரு துணை நிறுவனத்திலும், கவச வண்டி இன்னொன்றிலும், வான் பாதுகாப்புத் துப்பாக்கி சூரிச்சில் உள்ள வேறொன்றிலும் தயாராகின்றன. அவற்றின் லாபம் மேலே வருகிறது, முதலீடும் கடனும் உத்தரவாதமும் மேலிருந்து கீழே செல்கின்றன. பங்குச்சந்தையில் நாம் வாங்குவது தாய் நிறுவனத்தின் பங்கை மட்டுமே என்றாலும், கீழே எந்த நாட்டில் எந்தக் கூரை இடிந்தாலும் அதன் கணக்கு அந்தப் பங்கின் தலையில்தான் வந்து விழும்.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுப்பதற்கு முன், 2022 பிப்ரவரியில், இந்தப் பங்கின் விலை 100 யூரோவுக்கும் கீழே இருந்தது. 2025-இல் அது 1,500 யூரோவைத் தாண்டியது. 2024-ஆம் ஆண்டின் விற்பனை ஏறக்குறைய 975 கோடி யூரோ. அந்த ஆண்டின் முடிவில் நிறுவனம் அறிவித்த ஆர்டர் இருப்போ 5,500 கோடி யூரோ. இந்த இரண்டாவது எண்ணைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நான் அதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன். ஏனெனில் அதற்குள் உறுதியான ஆர்டர்களோடு கட்டமைப்பு ஒப்பந்தங்களும் சேர்ந்திருக்கின்றன. கட்டமைப்பு ஒப்பந்தம் என்பது, இத்தனை ஆண்டுகளில் இத்தனை மதிப்பு வரை வாங்கிக்கொள்ளலாம் என்று விலையையும் விதிகளையும் முன்கூட்டியே பேசி வைப்பது. 2024 ஜூனில் ஜெர்மன் அரசோடு 155 மில்லிமீட்டர் குண்டுகளுக்காக எட்டிய 850 கோடி யூரோ வரையிலான உடன்பாடு அந்த வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் அரசு எண்ணிக்கையைக் குறித்து ஆர்டர் கொடுத்தால்தான் அது விற்பனையாக மாறும். அந்தப் பணத்தை நாடாளுமன்றத்தின் வரவுசெலவுக் குழு ஒதுக்க வேண்டும்.

இங்கேதான் ஆயுதத் தொழில் மற்ற தொழில்களிலிருந்து விலகி நிற்கிறது. வாங்குபவரும் அரசு, வேறொருவருக்கு விற்க உரிமம் தருபவரும் அரசு, கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறுபவரும் அதே அரசு. ரஷ்யாவின் முலினோவில் ஒரு போர்ப் பயிற்சி மையம் அமைக்கும் 10 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட வேலையை ரைன்மெட்டால் எடுத்திருந்தது. கிரிமியா கைப்பற்றப்பட்ட பின், 2014 ஆகஸ்டில், ஜெர்மன் பொருளாதார அமைச்சராக இருந்த சிக்மர் காப்ரியேல் அதன் அனுமதியை ரத்து செய்தார். இத்தாலியின் சார்டீனியாத் தீவில் உள்ள துணை நிறுவனம் சவூதி அரேபியாவுக்கு விற்ற வெடிகுண்டுகள் யேமன் போரில் பொதுமக்கள் மீது விழுந்தன என்ற கண்டனம் வலுத்தபோது, இத்தாலிய அரசு 2019-இல் ஏற்றுமதியை நிறுத்தி வைத்து, 2021 ஜனவரியில் உரிமங்களையே திரும்பப் பெற்றது. வணிகக் கணக்கில் இது ஓர் இழப்பு. ஆனால் அந்தக் குண்டுகள் விழுந்த வீடுகளை எண்ணிப் பார்க்கும்போது, அந்த ரத்து இன்னும் முன்னதாகவே வந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

லஞ்சப் புகாரும் இப்படித்தான் கீழிருந்து மேலே ஏறுகிறது. 2012 மார்ச்சில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம், படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் முன்னாள் தலைவர் தொடர்பான வழக்கில், ஆறு நிறுவனங்களைப் பத்தாண்டுகளுக்குக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. சூரிச்சில் உள்ள ரைன்மெட்டால் ஏர் டிஃபன்ஸ் அவற்றில் ஒன்று. கிரேக்க நாட்டு விற்பனை தொடர்பாக வேறொரு துணை நிறுவனம் 2014-இல் பிரேமன் நகர அரசு வழக்குத் தொடுநர்களுக்கு ஏறக்குறைய 3.7 கோடி யூரோ செலுத்தியது.

விபத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் தாழ்கிறது. 2018 செப்டம்பர் 3 அன்று, கேப் டவுனுக்கு அருகில் மக்காசாரில் இருந்த ரைன்மெட்டால் டெனல் மியூனிஷன் ஆலையில் வெடிவிபத்து ஏற்பட்டு எட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஆலையில் ரைன்மெட்டாலின் பங்கு 51 விழுக்காடு. ஆண்டறிக்கையின் அபாயப் பகுதியில் இத்தகைய நிகழ்வுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்படும். அந்தப் பத்தியை எட்டுக் குடும்பங்களின் கதையாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தரம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2022 டிசம்பர் காட்டியது. வேறொரு நிறுவனத்தோடு கூட்டாகத் தயாரிக்கும் பூமா கவச வண்டிகளில் 18, ஒரே பயிற்சியில் பழுதாகி நின்றன. வண்டி நம்பகமானது என்று நிரூபிக்கப்படும் வரை புதிதாக வாங்குவதை ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் நிறுத்தி வைத்தார்.

மீண்டும் பருத்திக் கொட்டைக்கு வருகிறேன். ஐரோப்பா வாங்கும் லின்டரில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது என்பதைத் தலைமை நிர்வாகி ஆர்மின் பாப்பர்கரே 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். நேட்டோ நாடுகளின் பீரங்கிகளுக்கான மருந்து சீன வயல்களின் பஞ்சை நம்பியிருக்கும் நிலையில், ஒரே ஒரு ஏற்றுமதித் தடை வந்தால் ஆர்டர் புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உற்பத்தி வரிசை நின்றுவிடும். நிறுவனம் லின்டரைச் சேமித்து வைத்ததற்கும், வண்ணப்பூச்சுக்கான நைட்ரோசெல்லுலோஸ் தயாரித்துவந்த ஹாகெடோர்ன் என்ற ஜெர்மன் நிறுவனத்தை 2025-இல் வாங்கியதற்கும் காரணம் இந்த அச்சமே. இது சரியான நடவடிக்கை. ஆனால் ஆலையை வாங்கினாலும் பஞ்சு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட நான் உற்றுப் பார்ப்பது வட ஜெர்மனியில் உள்ள உன்டர்லூஸ் என்ற ஊரை. அங்கே ஏறக்குறைய 50 கோடி யூரோ தன் சொந்தப் பணத்தைப் போட்டு ரைன்மெட்டால் ஒரு குண்டு ஆலையைக் கட்டியது. 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்டில் திறப்பு விழா. 2027-இல் அது ஆண்டுக்கு 3,50,000 குண்டுகள் செய்யும் என்பது திட்டம். 2022-இல் ஜெர்மன் ராணுவத்துக்காக அறிவிக்கப்பட்ட 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி தீர்ந்துவிடும் என்று கணக்கிடப்பட்டிருப்பதும் 2027-இல்தான். 2025-இல் கடன் வரம்பைத் தளர்த்தி அரசியல் சட்டத்தைத் திருத்தியதால் பணம் தொடர்ந்து வரும் என்று சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. ஆயினும் 2025 நவம்பரில் உக்ரைனுக்கான அமெரிக்க சமாதானத் திட்டம் பற்றிய செய்தி வெளிவந்த சில நாட்களில் இந்தப் பங்கு எப்படிச் சரிந்தது என்பதை நாம் பார்த்தோம். அடுத்த ஆண்டறிக்கை வந்ததும் நான் முதலில் தேடப்போவது, அந்த 850 கோடியில் எவ்வளவுக்கு உண்மையான ஆர்டர் வந்திருக்கிறது என்ற ஒரே எண்ணை. அதைக் கண்டதும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.