செய்தி சொன்ன நேரத்திலேயே திருத்தமும் சொல்லுங்கள்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாதந்தோறும் மனமுவந்து இந்த அரங்கைத் திறந்துவிடும் மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அவர்களே, இதழியல் படிக்கும் மாணவ மாணவியரே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். இந்த ஒலிபெருக்கியையும் நாற்காலிகளையும் தம் செலவில் அனுப்பிவைத்தவர் சங்கத் தலைவர். நூலகர் அம்மா, விடுமுறை நாள் என்றும் பாராமல் காலையிலிருந்து இங்கே நிற்கிறார். இருவருக்கும் அவையின் சார்பில் நன்றி சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

எனக்குத் தந்த தலைப்பு 'தி நியூஸ்ரூம்'. அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2012 ஜூன் முதல் 2014 டிசம்பர் வரை, மூன்று பருவங்களில் 25 பகுதிகளாக வந்த தொடர். எழுதி உருவாக்கியவர் ஆரன் சார்க்கின். ஏ.சி.என். என்றொரு கற்பனைச் சேனல். அதில் 'நியூஸ் நைட்' என்றொரு இரவுச் செய்தி நிகழ்ச்சி. கேமராவுக்கு முன்னால் வில் மெக்காவாய், பின்னால் அவரை இயக்கும் தயாரிப்பாளர் மெக்கென்சி. வில் வேடத்துக்காக ஜெஃப் டேனியல்ஸ் 2013இல் எம்மி விருது பெற்றார்.

இதைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன். செய்தி அறைக்குள் வேலை எப்படி நடக்கிறது என்பது ஒன்று. சேனல் முதலாளிக்கும் ஆசிரியர் குழுவுக்கும் நடக்கும் இழுபறி இரண்டாவது. பெண் பாத்திரங்களை இந்தத் தொடர் நடத்திய விதத்துக்கு எழுந்த கண்டனம் மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் ஓடுவது நம் பாட்டிமார் சொன்ன வாக்குதான்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

முதல் பகுதியிலேயே சார்க்கின் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். சேனல்தான் கற்பனை, செய்திகள் உண்மையானவை. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 11 தொழிலாளர்களைப் பலிகொண்ட எண்ணெய்த் தள வெடிப்போடு கதை தொடங்குகிறது. நடந்து முடிந்ததை வைத்துக்கொண்டு அன்றைய நிருபர்களுக்குப் பாடம் நடத்துவதா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் ஒரு காட்சிக்காக நான் அவரை மன்னிப்பேன்.

2011 ஜனவரி 8, அரிசோனாவின் டூசான் நகரம். மக்கள் பிரதிநிதி கேப்ரியல் கிஃபர்ட்ஸ் தலையில் சுடப்படுகிறார். என்.பி.ஆர். வானொலி அவர் இறந்துவிட்டதாகச் சொல்கிறது, சி.என்.என்., ஃபாக்ஸ் எல்லாம் அதையே சொல்கின்றன. இது நிஜத்தில் நடந்தது. அவர் கணவர் மார்க் கெல்லி குடும்பத்தோடு விமானத்தில் விரைந்துகொண்டிருக்கிறார். மனைவி இறந்த செய்தியை அங்கே ஓடிய தொலைக்காட்சியில் பார்க்கிறார். தொலைபேசியில் பேசிய பிறகுதான் மனைவி உயிரோடு அறுவைச் சிகிச்சையில் இருப்பது தெரிகிறது. தொடரில், எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நாமும் சொல்லுங்கள் என்று நிர்வாகத் தரப்பு கத்துகிறது. டான் என்ற தயாரிப்பாளர் மறுக்கிறார்: அவர் ஒரு மனுஷி, இறந்தாரா என்பதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், செய்திச் சேனல் இல்லை. கிஃபர்ட்ஸ் பிழைத்தார்.

இப்போது நான் மிகவும் விரும்பும் கதைக்கு வருகிறேன். மாணவர்கள் இதை மட்டுமாவது வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாம் பருவத்தில் ஜெரி டன்டானா என்ற தயாரிப்பாளர் வாஷிங்டன் அலுவலகத்திலிருந்து வருகிறார். அமெரிக்கப் படை ஒரு மீட்பு நடவடிக்கையில் சரின் நச்சுவாயுவைப் பயன்படுத்தியது என்பது அவருக்குக் கிடைத்த துப்பு. மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். செய்தியைப் பற்றி முன்பின் அறியாத சகாக்களைக் கூட்டி வைத்து, ஓட்டை எங்கே என்று தேடச் சொல்கிறார்கள். கடைசியாக ஓர் ஓய்வுபெற்ற தளபதியைப் பேட்டி காண ஜெரி போகிறார். கூட வந்த பெண்ணை வெளியே அனுப்பச் சொல்கிறார் தளபதி. அறையில் இப்போது தளபதியும் ஜெரியும் கேமராவும்தான். பின்னால் தொலைக்காட்சியில் கல்லூரிக் கூடைப்பந்து ஓடுகிறது. சரினைப் பயன்படுத்தியிருந்தால் இப்படி நடந்திருக்கும் என்கிறார் தளபதி. ஜெரிக்கு வேண்டிய வாக்கியம் கிடைக்கவில்லை. அலுவலகம் வந்தார், எடிட்டிங்கில் உட்கார்ந்தார். அந்த 'இருந்தால்' காணாமல் போனது. பயன்படுத்தினோம் என்று தளபதியே சொன்னதாகிவிட்டது!

செய்தி ஒளிபரப்பாகிறது. பிறகு ஒவ்வொரு தூணாகச் சரிகிறது. ஒரு சாட்சிக்கு மூளையில் பட்ட காயம். ஆவணம் கொடுத்தவர் சேனல் மேல் தீராத பகையோடு போலியைத் தயாரித்துக் கொடுத்தவர். தளபதியோ, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கொதிக்கிறார். மெக்கென்சி அந்தப் பேட்டியை மறுபடி போட்டுப் பார்க்கிறார். தளபதியின் முகத்தை இல்லை, பின்னால் ஓடும் ஆட்டத்தைப் பார்க்கிறார். பந்தை எறிய அணிக்குள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரம். கல்லூரி ஆட்டத்தில் அப்போது 35 வினாடி. வினாடி வினாடியாகக் குறைய வேண்டிய அந்தக் கடிகாரம் நடுவில் குதிக்கிறது! தளபதி ஒரே மூச்சில் பேசுகிறார், கடிகாரம் தாவுகிறது. வெட்டியது அங்கே பிடிபட்டது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பதற்கு இதைவிட ஒரு காட்சி வேண்டுமா, பெரியோர்களே? தீர விசாரித்த ஒருத்தி உண்மையைக் கண்டாள்.

இதன் வேர் நிஜத்தில் இருக்கிறது. 1998 ஜூன் 7 அன்று சி.என்.என்., 1970இல் லாவோஸில் அமெரிக்கப் படை சரின் பயன்படுத்தியதாகச் செய்தி வெளியிட்டது. டைம் இதழும் சேர்ந்துகொண்டது. ஃபிளாய்ட் ஏப்ரம்ஸ் என்ற வழக்கறிஞரைக் கொண்டு விசாரித்து, ஜூலை 2ஆம் தேதி சி.என்.என். அதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. ஒரு மாதத்துக்குள்! தொடரிலும் பொறுப்பாளர்கள் பதவி விலக முன்வருகிறார்கள். மக்கள் நம்பிக்கையை மீட்டுக்கொண்டு வாருங்கள் என்று முதலாளியம்மா லியோனா ஆணையிடுகிறார். ஜேன் ஃபோண்டாவின் நடிப்பு அங்கே அபாரம். முதலாளி பற்றிய இரண்டாவது செய்தியை, நேரம் கருதி, இதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெண் பாத்திரங்கள் பற்றிய மூன்றாவதை இன்னொரு நாள் பேசுவோம்.

நான் இத்தனையும் சொன்னது ஒரு கோரிக்கைக்காக. பல மேடைகளில் இதையே பேசிவருகிறேன், பலன் கிடைக்கும்வரை பேசுவேன். முதல் பருவத்தின் மூன்றாம் பகுதியில் வில் மெக்காவாய் தன் நிகழ்ச்சியின் தொடக்கத்தில், வழக்கமான நேரத்தில், வழக்கமான இருக்கையில் அமர்ந்து நேயர்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். எந்த இடத்திலிருந்து தவறு போனதோ, அந்த இடத்திலிருந்தே. நம் ஊரில் அப்படி நடக்கிறதா?

2016 டிசம்பர் 5 மாலையை நினைத்துப் பாருங்கள். முதல்வர் ஜெயலலிதா காலமானார் என்று தமிழ்ச் சேனல்கள் சில அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது. இரவு 11.30 மணிக்குத்தான் அவர் உயிர் பிரிந்ததாக மருத்துவமனை அறிவித்தது. இடைப்பட்ட அந்த மணி நேரங்களில் இந்த மாநிலத்துத் தாய்மார்கள் பட்ட பாட்டுக்கு யார் பதில் சொன்னார்கள்? பிரேக்கிங் நியூஸ் திரை முழுக்க வருகிறது. திருத்தம் கீழே ஸ்க்ரோலில் ஓடி மறைகிறது.

தவறான செய்தி வந்த அதே நேரத்தில், அதே அளவு நேரத்துக்கு, அதே தொகுப்பாளர் வாயால் திருத்தம் சொல்ல வேண்டும். இதுதான் கோரிக்கை. இதைச் சட்டமாக்கும் வரை கையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்துவோம். 2021இல் திருத்திய கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, நேயர் எவரும் சேனலுக்கு எழுத்தில் புகார் செய்யலாம். 15 நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தீர விசாரிப்பதே மெய் என்று நாம் வாயால் சொன்னால் போதாது, விசாரிக்கத் தபால்தலை ஒட்ட வேண்டும்.

சேனல் பெயர், தேதி, மணி, சொன்ன வாசகம், எது தவறு என்பதற்குச் சான்று, இவற்றை எழுதுங்கள். படிவத்தின் மாதிரி வாசல் மேசையில் இருக்கிறது. கோரிக்கை மனுவும் பக்கத்திலேயே இருக்கிறது, கையெழுத்திட்டுச் செல்லுங்கள். இதழியல் மாணவர்கள் சற்று நேரம் இருந்தால் நிரப்பும் முறையை வழக்கறிஞர் ஐயா விளக்குவதாகச் சொல்லியிருக்கிறார். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.