அக்காவுக்குக் கேட்ட மாத்திரை எனக்கு ஏன் கேட்கல? மனச்சோர்வு மருந்தும் மரபணுவும்

வணக்கம். மனச்சோர்வு மாத்திரைகளைப் பத்திப் பேசின வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல இன்னைக்கு ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கறேன். பெங்களூரு அல்சூர்ல இருந்து ஒரு நேயர் எழுதியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன்:

"எங்க அக்காவுக்கும் எனக்கும் ஒரே மாத்திரை, எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம். அக்காவுக்கு ஒன்றரை மாசத்துல நல்லாக் கேட்டுச்சு. எனக்கு ரெண்டு வாரமா படபடப்பு, குமட்டல், ராத்திரி தூக்கமே இல்ல. ஒரே வயித்துல பொறந்தவங்களுக்குள்ள இவ்வளவு வித்தியாசம் வருமா? ஜீன் டெஸ்ட் எடுத்தா எந்த மருந்து கேட்கும்னு சொல்லிடுவோம்னு ஆன்லைன்ல விளம்பரம் வருது. எடுக்கலாமா?"

வித்தியாசம் வரும், தாராளமா வரும். ஆனா விளம்பரம் சொல்ற மாதிரி இல்ல. இதுல ரெண்டு தனித்தனி கேள்வி இருக்கு. விழுங்கின மருந்து ரத்தத்துல எவ்வளவு சேரும்ங்கிறது ஒண்ணு. சேர்ந்த மருந்து மனசைத் தூக்கி விடுமாங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு ஜீன் டெஸ்ட் ஓரளவு உருப்படியான பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு இன்னைக்கு வரைக்கும் சொல்லாது. விளம்பரத்துல ரெண்டையும் ஒண்ணாக் கலந்துடறாங்க.

முதல் கேள்வியை எடுத்துக்குவோம். மாத்திரை குடல்ல இருந்து கல்லீரலுக்குப் போகுது. அங்க சிப்னு ஒரு என்சைம் குடும்பம் இருக்கு, மருந்தை உடைச்சு வெளிய அனுப்பறது அதோட வேலை. எஸ்சிட்டலோப்ராமுக்கு முக்கியமான ஆள் சிப்-2சி19. கல்யாணப் பந்தியில இலை எடுக்க ரெண்டு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. இந்த என்சைமைச் செய்யற ஜீனோட ரெண்டு பிரதிதான் அந்த ரெண்டு பேர்: ஒருத்தர் அம்மா வழியில வந்தவர், இன்னொருத்தர் அப்பா வழியில வந்தவர். ரெண்டு பேரும் ஒழுங்கா வேலை செஞ்சா ஒரு பந்தி முடிஞ்சதும் அடுத்த பந்தி உட்காரலாம். இந்த ஜீன்ல ஸ்டார் 2னு ஒரு வகை இருக்கு. அந்த வகை வந்தா ஆள் நிப்பாரு, இலை எடுக்க மாட்டாரு. ரெண்டு பேருமே ஸ்டார் 2ன்னா இலை தேங்கிக்கிட்டே இருக்கும், நீங்க தினமும் புதுப் பந்தி போட்டுக்கிட்டே இருப்பீங்க. ஸ்டார் 17 இதுக்கு நேர் எதிர். சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ளயே இலையை உருவிடுவாரு.

இந்தியாவுல இந்த ஸ்டார் 2 கம்மி கிடையாது. நம்ம கிட்ட இருக்கற பிரதிகள்ல ஏறக்குறைய மூணுல ஒண்ணு அது. மூணுல ஒண்ணு பெருக்கல் மூணுல ஒண்ணுன்னா ஒன்பதுல ஒண்ணு. அதாவது தோராயமா பத்துப் பேர்ல ஒருத்தருக்கு ரெண்டு பிரதியுமே வேலை செய்யாது. ஐரோப்பியர்கள்ல இது நூத்துக்கு ரெண்டு பேர் அளவுதான். மருந்தோட டோஸ் பெரும்பாலும் அவங்க மேல சோதிச்சு வந்ததுங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப அக்கா விஷயம். அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு நல்ல பிரதி, ஒரு ஸ்டார் 2 இருக்குன்னு வைங்க. அவங்களுக்கே அது தெரிஞ்சிருக்காது. பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு வாய்ப்பு ரெண்டும் நல்லதா வர, நாலுல ஒரு வாய்ப்பு ரெண்டும் ஸ்டார் 2வா வர. அக்கா முதல் வகை, நீங்க கடைசி வகைன்னா ஒரே 10 மில்லிகிராம் ரெண்டு பேருக்கும் வேற வேற டோஸ். நம்ம பக்கம் அக்கா மகளை, மாமன் மகளைக் கட்டற வழக்கம் இருக்கே, அந்தக் குடும்பங்கள்ல ஒரே பிரதி ரெண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு இன்னும் கூட.

நார்வேயில ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எஸ்சிட்டலோப்ராம் நோயாளிகளை வெச்சுப் பண்ணின ஆய்வு 2018ல வெளிவந்துச்சு. ரெண்டு பிரதியும் வேலை செய்யாதவங்களுக்கு ரத்தத்துல மருந்தளவு மூணு மடங்குக்கு மேல. ஒரு வருஷத்துக்குள்ள வேற மருந்துக்கு மாறினதும் அவங்கள்ல மூணு மடங்கு அதிகம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் வேற. ரெண்டு பிரதியும் ஸ்டார் 17ஆ இருக்கற வேகமான ஆளுங்களும் அதே அளவு மாறியிருக்காங்க. அவங்களுக்கு மருந்து தங்கவே இல்ல. ஒருத்தர் "ஒத்துக்கல"ன்னு நிறுத்தறாரு, இன்னொருத்தர் "கேட்கல"ன்னு நிறுத்தறாரு. ரெண்டுக்கும் ஒரே ஜீன்தான் காரணம்.

இதுக்கு மருத்துவ வழிகாட்டுதல் இருக்கு. சிபிக்னு ஒரு சர்வதேச குழு 2023ல புதுப்பிச்சது. ரெண்டும் வேலை செய்யாதவங்களுக்கு 2சி19ஐ அவ்வளவா நம்பாத வேற மருந்தை யோசிக்கச் சொல்றாங்க. எஸ்சிட்டலோப்ராமே வேணும்னா குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு, மெதுவா ஏத்தி, தொடர்ந்து சாப்பிடற டோஸை வழக்கத்துல பாதியா வெச்சுக்கலாம்னு யோசிக்கச் சொல்றாங்க. இதோட அண்ணன் சிட்டலோப்ராமுக்கு இதயத் துடிப்புச் சிக்கல் இருக்கறதால, இப்படிப்பட்டவங்களுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியிருக்கு.

இன்னொரு ஆள் சிப்-2டி6. பரோக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின், வோர்ட்டியோக்ஸெட்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி மனச்சோர்வு மாத்திரைகள் பெரும்பாலும் அவர் பொறுப்பு. அவர் வேலை செய்யாதவங்களுக்கு வோர்ட்டியோக்ஸெட்டின் 10 மில்லிகிராமோட நிறுத்திக்கணும். டெஸ்வென்லாஃபாக்ஸின் பெரும்பாலும் வேற வழியில போறதால அவரை அவ்வளவா தொந்தரவு பண்ணாது.

ஜீன் நல்லா இருந்தும் ஆளைக் கட்டிப் போடறது ஒண்ணு இருக்கு, அது நீங்க சாப்பிடற மத்த மாத்திரை. நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல், எசோமெப்ரசோல் சாப்பிடறீங்களா? அது 2சி19ஐத் தடுக்கும். ஓமெப்ரசோல் 30 மில்லிகிராமோட சேர்த்துக் குடுத்தப்ப எஸ்சிட்டலோப்ராம் அளவு சுமார் 50 சதவீதம் ஏறினதாப் பார்த்திருக்காங்க. நம்ம ஊர்ல கேஸ் மாத்திரையை மிட்டாய் மாதிரி மருந்துக் கடையில கேட்டு வாங்கிச் சாப்பிடறோம், டாக்டர் கிட்ட அதை மருந்துன்னே சொல்றது இல்ல. அதே மாதிரி ஃப்ளூவாக்ஸெட்டின், பரோக்ஸெட்டின், புப்ரோப்பியான் மூணும் 2டி6ஐப் பலமாத் தடுக்கும். ஃப்ளூவாக்ஸெட்டினை நிறுத்தின பிறகும் அந்தத் தடை சில வாரம் நிக்கும். இன்னைக்கு மருந்து மாத்தி நாளைக்கே முழு டோஸ் போட்டா உடம்பு தாங்காம போறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஜீன் ரிப்போர்ட்ல இது எதுவுமே தெரியாது. ரிப்போர்ட் "நார்மல்"னு இருக்கும், உடம்பு "ஸ்லோ"வா நடந்துக்கும்.

சரி, ரெண்டாவது கேள்வி. மனசைத் தூக்கி விடுமா? செரட்டோனின்னா மனநிலையோட சம்பந்தப்பட்ட ஒரு மூளை ரசாயனம். அதை உள்ள இழுக்கற புரதத்தோட ஜீன், செரட்டோனின் ஏற்பியோட ஜீன்னு ரெண்டு மேல ஒரு காலத்துல பெரிய நம்பிக்கை இருந்துச்சு. விளம்பரத்துல வர்ற டெஸ்ட்டுகளோட ஜீன் பட்டியல்ல இன்னும் இருக்கும். அதே சிபிக் குழு ரெண்டையும் அலசிட்டு, இதை வெச்சு மருந்து தேர்ந்தெடுக்க ஆதாரம் போதாதுன்னு விட்டுட்டாங்க. ரிப்போர்ட்ல எம்டிஎச்எஃப்ஆர்னு ஒரு ஜீன் வரும், கூடவே விலை கூடின வைட்டமின் வாங்கச் சொல்லுவாங்க. அந்தப் பக்கத்தைத் தாராளமாத் திருப்பிடுங்க. மருந்து கேட்கறது ஒரு ஜீன் விஷயம் இல்ல. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வித்தியாசம், அதோட தைராய்டு, பி12, குடி, தூக்கம், வீட்டுச் சூழ்நிலை எல்லாம் சேர்ந்தது. சில பேருக்கு அது மனச்சோர்வே இல்ல, மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி எழும்பி, ஒரு சமயம் தாழ்ந்து போற இருதுருவக் கோளாறோட (பைபோலார்) ஒரு பக்கம். அங்க இந்த மாத்திரையை மட்டும் தனியாக் குடுத்தா படபடப்பும் தூக்கமின்மையும் கூடலாம். அதனால ஜீன் பக்கம் போறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கணும்: தூங்காமலே தெம்பா, நினைப்பு ஓடிக்கிட்டே இருந்த நாட்கள் எப்பவாவது இருந்துச்சா?

டெஸ்ட் எடுத்து மருந்து குடுத்தா சீக்கிரம் குணமாகுதான்னும் பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள்ல கிட்டத்தட்ட 2,000 பேரை வெச்சு நடந்த ஆய்வு, 2022ல வந்துச்சு. டெஸ்ட் எடுத்த பக்கத்துல ஜீனோட ஒத்துப் போகாத மருந்து குடுக்கறது நல்லாவே குறைஞ்சது. குணமானவங்க எண்ணிக்கையும் கொஞ்சம் கூடுச்சு. ஆனா 24ஆவது வாரம் பார்க்கறப்ப குறிப்பிடற மாதிரி வித்தியாசம் இல்ல. பலன் இருக்கு, சின்னது. இவ்வளவுதான் நேர்மையாச் சொல்ல முடியும்.

எடுக்கறதா முடிவு பண்ணினா, பணம் கட்டறதுக்கு முன்னாடி லேப்ல மூணு விஷயம் கேளுங்க. எந்தெந்த ஸ்டார் வகைகளைத் தேடறீங்க? 2சி19ல 2, 3, 17 மூணும் இருக்கணும். 2டி6ல பிரதி எண்ணிக்கை பார்க்கறீங்களா? அந்த ஜீன் சில பேருக்கு முழுசாவே இல்லாம இருக்கும், சில பேருக்கு மூணு இருக்கும், சாதாரண முறையில அது பிடிபடாது. மூணாவது, ரிப்போர்ட்ல ஸ்டார் நம்பரை எழுதிக் குடுப்பீங்களா, இல்ல பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டம் மட்டும்தானா? வெறும் கலர்ன்னா வேண்டாம். இன்னொரு நுணுக்கம்: "ஸ்டார் 1"னு எழுதியிருந்தா "நல்லதுன்னு பார்த்துட்டோம்"னு அர்த்தம் இல்ல, "நாங்க தேடின கெட்டது எதுவும் கிடைக்கல"ன்னு அர்த்தம். தேடினதே ரெண்டு வகைன்னா அந்த ஸ்டார் 1க்கு மதிப்பு கம்மி. நம்ம ஜனங்கள்ல எந்த வகை எவ்வளவுன்னு தெரிய இந்தியத் தரவு வேணும். இதே பெங்களூருல இந்திய அறிவியல் கழக (ஐஐஎஸ்சி) வளாகத்துல இருக்கற மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைச்ச ஜீனோம் இந்தியா திட்டத்துல சுமார் 10,000 பேரோட மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விடப்பட்டிருக்கு. இனிமே இந்த டெஸ்ட்டுகள் மாறும்.

காசு மிச்சம் பண்ண ஒரு வழி. உங்களுக்கு எப்பவாவது ஸ்டென்ட் வெச்சு, ரத்தம் உறையாம தடுக்கற குளோப்பிடோக்ரல் மாத்திரை குடுக்கறதுக்காக 2சி19 டெஸ்ட் எடுத்திருந்தா அதே ரிப்போர்ட் இதுக்கும் போதும். ஆனா அர்த்தம் தலைகீழ். குளோப்பிடோக்ரல் கல்லீரல்ல மாறின பிறகுதான் வேலை செய்யும், அதனால ஸ்லோ ஆளுக்கு அது கம்மியாக் கேட்கும். எஸ்சிட்டலோப்ராம் அவருக்கே அதிகமாத் தேங்கும்.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். முதல் ரெண்டு வாரப் படபடப்பும் குமட்டலும் ஜீன் நல்லா இருக்கறவங்களுக்கும் வரும், குறிப்பா நேரா 10ல ஆரம்பிச்சா. அதை வெச்சே "நான் ஸ்லோ"ன்னு முடிவுக்கு வராதீங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம். பல நாள் சாப்பிட்டதைத் திடீர்னு விட்டா தலைசுத்தல், தலைக்குள்ள ஷாக் அடிக்கற மாதிரி உணர்வு வரும், அதையும் நோய் கூடிடுச்சுன்னு நினைச்சுக்குவோம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே டாக்டருக்குப் போன் பண்ணி 5 மில்லிகிராமுக்கு இறக்கி ஏத்தலாமான்னு கேளுங்க. பெரும்பாலும் டெஸ்ட் இல்லாமலே இதுல சரியாகிடும். 5லயும் அதே தொந்தரவு, இல்ல இதுக்கு முன்னாடி ரெண்டு மருந்து சின்ன டோஸ்லயே ஒத்துக்காம போயிருக்குன்னா, அப்ப 2சி19, 2டி6 டெஸ்ட்டுக்குச் செலவு பண்றது நியாயம். உங்க வயசு 25க்குக் கீழன்னா இன்னும் கவனம். ஆரம்ப வாரங்கள்ல படபடப்போட சாகணும்ங்கற நினைப்பு வந்தா அது உடனே சொல்ல வேண்டிய விஷயம். டாக்டர் கிடைக்கலன்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயும் பேசலாம்.

டாக்டரைப் பார்க்கப் போறப்ப வீட்ல இருக்கற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, கேஸ் மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. அக்கா என்ன டோஸ்ல நல்லானாங்கன்னும் சொல்லுங்க, அது டாக்டருக்கு உதவியான தகவல்தான். அக்காவோட சீட்டைக் காட்டி மருந்துக் கடையில வாங்கறது மட்டும் வேண்டாம்.