முதல் மழைத் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். கோலார் தங்கவயல் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. தாதுவை அரைத்து, சயனைடு கலந்து தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், சயனைடு மேடுகளாக இன்னும் ஊருக்குள்ளேயே நிற்கிறது. மழை பெய்தால் அங்கிருந்து ஓடையில் இறங்கும் தண்ணீர் எதைக் கொண்டுபோகிறது என்பதுதான் என் நெடுநாள் கவலை.

எல்லோரும் சயனைடைப் பற்றித்தான் கேட்பார்கள். வெயிலும் காற்றும் படும் இடத்தில் சயனைடு பெருமளவு சிதைந்துவிடும். ஆர்சனிக் என்ற விஷம் அப்படியில்லை. தங்கத் தாதுவோடு பல இடங்களில் சேர்ந்தே வரும். தண்ணீரைக் காய்ச்சினாலும் போகாது.

மேட்டை ஒட்டிய தெருவில் ஓர் அக்கா, கேன் தண்ணீர் போடும் பையனிடம் டிடிஎஸ் மீட்டரை வாங்கி, கிணற்றுத் தண்ணீரில் விட்டுக் காட்டினார். “முந்நூறுதான் சார் காட்டுது. நல்ல தண்ணிதானே?” தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்த முந்நூறு, ஒரு லிட்டரில் கரைந்துள்ள மொத்த உப்பு, மில்லிகிராம் கணக்கில். குடிநீரில் ஆர்சனிக்குக்கு நம் நாட்டு வரம்பு 0.01 மில்லிகிராம். முந்நூறில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! ஆர்சனிக் வரம்பைப் போலப் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரில் எண் அசையாது. மறுபடியும் சொல்கிறேன், மீட்டரில் எண் குறைவு என்பதால் விஷம் இல்லை என்று ஆகாது.

அதற்காக மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். மேட்டைத் தாண்டும் முன் ஓடையில் ஓர் அளவு, தாண்டிய பின் ஓர் அளவு, வாரா வாரம் அதே இடத்தில். கீழே மட்டும் எண் திடீரென ஏறினால், அன்றைய தண்ணீர் லேபுக்குப் போக வேண்டும்.

எப்போது எடுப்பது என்பதுதான் முக்கியம். கோடையில் மேட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். முதல் மழை அதை அப்படியே கரைத்து ஓடைக்குக் கொண்டுவரும். ஆனால் மாதிரி எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வெயில் நாளில், வண்டி போகிற நாளில்தான் வருகிறார்கள். முதல் மழையன்று எடுங்கள். குடை பிடித்துக்கொண்டாவது எடுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். லேபைப் பற்றி ஒன்று மட்டும். ஆர்சனிக்குக்கு எடுத்த பாட்டிலில் அமிலம் சேர்ப்பார்கள். சயனைடு பாட்டிலில் அமிலம் கூடவே கூடாது, விஷ வாயு கிளம்பும். அதில் அமிலத்துக்கு எதிரான காரம்தான் சேர்க்க வேண்டும். ஆகவே தனித்தனி பாட்டில். இரண்டிலும் இடம், தேதி, கடைசி மழை எப்போது என்பதை எழுதிவிடுங்கள். நன்றி, வணக்கம்.